கம்பெனிக்கு வினையுண்டோ?

உயிருடையவர்க்கு வினையுண்டு, வினைக்குப் பயனுண்டு. தன்மம் கற்கத் தொடங்குவோர்க்கும் தெரிந்த பாடம் இது. ஆனால் உயிரும் உடலும் இல்லாத ஒன்று இவ்வுலகில் நிலம் வாங்குகிறது, கட்டடம் எழுப்புகிறது, பல்லாயிரம் பேரை வேலைக்கு அமர்த்துகிறது, பின்னர் அவர்களை நீக்குகிறது, வழக்காடுகிறது, தண்டம் கட்டுகிறது. அதற்குக் கம்பெனி என்று பெயர். அது நன்மை செய்தால் அதன் பயன் யாரைச் சேரும்? தீமை செய்தால் அதன் பயன் யாரைச் சேரும்? நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் இளைஞர் ஒருவர் இவ்வினாவை எழுப்பினார். அன்று சுருங்கச் சொன்ன விடையை ஈண்டு விரித்தெழுதத் துணிந்தோம்.

பங்கும் லாபமும் தன்மப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்பாரும் உளர். அவர்க்கு நாம் சொல்வது இது. பகவன் புத்தர் துறவிகளுக்கு மட்டும் போதித்தவரல்லர். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு, எசமானரும் ஏவலாளரும் ஒருவர்க்கொருவர் செய்ய வேண்டிய கடமைகளை வகுத்துரைத்தார். சிராவத்தி நகரத்து வணிகராகிய அநாதபிண்டிகருக்கு, இல்லறத்தான் எய்தும் நால்வகை இன்பங்களை எடுத்துரைத்தார். நேர்மையாய் ஈட்டிய பொருளை உடையனாதல், அதனைத் துய்த்தலும் ஈதலும், கடனின்றி இருத்தல், பழியின்றி வாழ்தல் என்பன அவை. முதலில் நிற்பது உடைமை. முடிவில் நிற்பது பழியின்மை. முன்னைய மூன்றும் நான்காவதின் பதினாறில் ஒரு பங்குக்கும் ஈடாகா என்பது அப்போதனையின் கருத்து. அட்டாங்க மார்க்கத்தின் ஐந்தாவது அங்கமோ குற்றமற்ற பிழைப்பு. இந்நாளில் மக்களுட் பலர் பிழைப்பது கம்பெனிகளின் வாயிலாகவே. ஆகலின் கம்பெனி யாருடையது, அதன் வினை யாருடையது என்று ஆராய்தலும் தன்ம விசாரணையே ஆகும்.

முதலாவது, கம்பெனி என்பது யாது? சட்டம் அதனை ஒரு நபர் என்கிறது. இங்கிலாந்தில் ஆரோன் சாலமன் என்னும் தோற்காலணி வணிகர் தம் தொழிலை ஒரு கம்பெனியாக்கினார். மனைவிக்கும் மக்களுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்து, மற்றப் பங்குகளைத் தாமே வைத்துக்கொண்டார். கம்பெனி முறிந்தது. கடன் கொடுத்தோர் பக்கம் நின்றவர்கள் சாலமனைப் பொறுப்பாக்க முயன்றார்கள். 1897-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை, சாலமன் வேறு, கம்பெனி வேறு. கம்பெனி பட்ட கடனுக்குச் சாலமன் பொறுப்பல்லர் என்று தீர்த்தது. உலகின் பெருந்தொழில்கள் பலவும் இன்றுவரை இக்கொள்கையின் மீதே நிற்கின்றன. நம் நாட்டுக் கம்பெனிச் சட்டமும் அவ்வழியதே. இதனால் விளைந்த நன்மையை மறுத்தல் கூடாது. தம் வீடும் நிலமும் போய்விடுமோ என்னும் அச்சமின்றிப் பலர் சிறுசிறு தொகையைச் சேர்த்ததனாலன்றோ இருப்புப்பாதையும் நெசவாலையும் எழுந்தன!

ஆயினும் இந்த நபரைத் தேடிச் சென்றால் அகப்படுகிறாரா? மிலிந்த மன்னனுக்கும் நாகசேன தேரருக்கும் நடந்த உரையாடலை அன்பர்கள் அறிவர். தேரேறி வந்த மன்னனை நோக்கித் தேர் எது என்று தேரர் வினவினார். சக்கரம் தேரன்று, அச்சு தேரன்று, நுகம் தேரன்று. இவையெல்லாம் சேர்ந்தவிடத்து வழங்கும் பெயரே தேர். கம்பெனியையும் அவ்வாறே பிரித்துப் பார்ப்போம். கட்டடமா கம்பெனி? கட்டடத்தை விற்ற பின்பும் கம்பெனி இருக்கிறது. இயந்திரங்களா? அவை பழைய இரும்புக்குப் போன பின்பும் அது இருக்கிறது. தொழிலாளரா? அவர்களை வெளியே அனுப்பிய பின்பும் அது இருக்கிறது. பங்குதாரரா? பங்குகள் ஒரே நாளில் ஆயிரம் கை மாறுகின்றன. மானேஜரா? அவரும் மாதச் சம்பளக்காரரே. ஆக, கம்பெனி என்பது ஒரு பெயர். ஆனால் தேர் பெயரளவே என்பதனால், தேர்க்காலில் அகப்பட்டவனுக்கு நோவில்லை என்று ஆகிவிடுமோ? ஆகாது. இவ்விடத்திலேதான் நம் வினா பிறக்கிறது.

நமக்கு அண்மையிலுள்ள சான்றுகளைப் பார்ப்போம். கோலார் தங்கவயலைத் தமிழ்ப் பௌத்தர் மறத்தற்கில்லை. அயோத்திதாச பண்டிதர் 1898-இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் தழைத்தது. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய தமிழன் இதழ் பிற்காலத்தில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் கூலியிலிருந்து வந்த சந்தாவே அவற்றை வாழ்வித்தது. அச்சுரங்கங்களின் உடைமையோ கைமாறிக்கொண்டே இருந்தது. 1880-களில் இலண்டன் பங்குதாரரின் கம்பெனிகள் வந்தன. ஜான் டெய்லர் கம்பெனியார் அவற்றை நிர்வகித்தனர். 1956-இல் மைசூர் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசின் கைக்குச் சென்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் அரசுக் கம்பெனி உண்டாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது.

இத்தனை உடைமை மாற்றங்களிலும் மாறாதிருந்தது ஒன்றுண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வெந்த பாறைகளுக்கு நடுவே நின்று துளையிட்டவர், முன்னும் தமிழ்க் கூலியாளர். பின்னும் அவர் மக்களே. பாறை வெடித்துச் சிதறும்போது, இது இலண்டன் பங்குதாரரின் பாறையா, இந்திய அரசின் பாறையா என்று பார்த்துச் சிதறவில்லை. கல்தூசு நுரையீரலில் படிந்து இருமிச் செத்தவர்க்கும் அவ்வேறுபாடு தெரியவில்லை. எண்ணூறு டன் அளவிற்குப் பொன் வெளியே சென்றதாகக் கணக்குச் சொல்கின்றனர். உள்ளே தங்கியது சயனைடு கலந்த மண்மேடு. காற்றடிக்கும் மாதங்களில் அம்மண் வந்து படிவது அங்கேயே வாழ்பவர் வீட்டின்மேல். அப்பொன்னை உடையவராய் இருந்தவர் வீட்டின்மேல் அன்று.

இனிப் பெங்களூர் நெசவாலைகளுக்கு வருவோம். 1884-இல் தோன்றிய பெங்களூர் உல்லன், காட்டன், சில்க் மில் பின்னர்ப் பின்னிக் கம்பெனியின் ஆளுகைக்கு வந்தது. பின்னிப்பேட்டை என்று பேட்டையே அதன் பெயரால் விளங்கிற்று. அக்காலத்தில் மானேஜிங் ஏஜென்ஸி என்றொரு முறை இருந்தது. பங்குதாரர் பலர் ஓரிடத்தில். ஆளும் கம்பெனி வேறோரிடத்தில். தறி ஓடுவது மூன்றாவதோர் இடத்தில். 1970 ஏப்ரலில் அம்முறை ஒழிக்கப்பட்டது. மில்லும் பின்னர் ஓய்ந்தது. தறி ஓடிய இடத்தில் இன்று மாடி வீடுகளும் கடைத்தொகுதியும் நிற்கின்றன. அந்நிலத்தின் விலை ஏறியது எவர் உழைப்பால்? ஒருவர் உழைப்பாலன்று. மூன்று தலைமுறை மில் ஊழியரும், அவர்களைச் சுற்றி வளர்ந்த நகரமும் ஏற்றிய விலை அது. விலை வந்தபோது அவர்களுட் பலர் அங்கில்லை.

மாகடிச் சாலைப் பக்கத்து மினர்வா மில்லின் கதை வேறுவகை. 1971-இல் மத்திய அரசு அதன் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1974-இல் நலிவுற்ற ஜவுளி ஆலைகளை நாட்டுடைமையாக்கும் சட்டத்தால் அதனை அரசுடைமை ஆக்கிற்று. பழைய உடைமையாளர் வழக்குத் தொடுத்தனர். 1980 ஜூலை 31-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. பாராளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம். அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க இயலாது. அடிப்படை உரிமைகளுக்கும் வழிகாட்டு நெறிகளுக்கும் இடையேயுள்ள சமநிலையும் அக்கட்டமைப்பைச் சேர்ந்ததே என்பது அத்தீர்ப்பின் சாரம். தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையில் அமர்ந்த ஐவருள் ஒருவர் மட்டும் ஒரு பகுதியில் வேறுபட்டார். இன்று சட்டம் பயிலும் மாணாக்கர் மினர்வா என்னும் பெயரை மனப்பாடம் செய்கின்றனர். அது கதிர் ஓடிய ஒரு மில்லின் பெயர் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? சட்டப் புத்தகத்தில் அப்பெயர் நிலைத்தது. மாகடிச் சாலையில் அதன் கதிர்கள் நின்றுவிட்டன.

தனியாருடைமை என்றால் தீமை, அரசுடைமை என்றால் நன்மை என்று முன்னொரு காலத்தில் மேடையில் முழங்கினார்கள். இக்காலத்தில் அதனைத் தலைகீழாக முழங்குகின்றனர். இரண்டும் நிறைந்த உண்மையல்ல. அரசின் நூல்மில்லிலும் தூசு தூசுதான். அரசுக் கம்பெனி என்பதும் ஒரு பெயரே. அதன் உடையவர் நாட்டு மக்கள் அனைவரும் என்பர். எல்லோரும் உடையவர் என்னுமிடத்து எவரைக் கேட்பது என்பது தெரியாமற் போகிறது. தனியார் கம்பெனியிலோ உடையவர் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கின்றார். இரண்டிடத்தும் நோய் ஒன்றே. பயன் கொள்பவர் கண்ணுக்கு, துன்பம் தாங்குபவர் முகம் தெரியாமற் போவதே அந்நோய்.

நாம் வேலை பார்த்த ஓர் ஆலையில் இதனைக் கண்டோம். ஒரு நாள் காலை ஷிப்டுக்குச் சென்றபோது கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பிடித்துவைத்த பணமும் கிராஜுவிட்டியும் எங்கே என்று கேட்டோம். மானேஜர், எனக்கு மேலிடத்து உத்தரவு என்றார். மேலிடத்தார், பாங்கி கடனை நிறுத்திவிட்டது என்றனர். பாங்கிக்காரர், விதிப்படி நடந்தோம் என்றனர். விதி செய்தவர் டில்லியில் இருக்கிறார் என்றனர். ஒவ்வொருவரும் தத்தமக்குரிய தாளில் ஒப்பமிட்டிருந்தனர். ஒருவர் முகத்திலும் கொடுமை இல்லை. ஆயினும் அவ்வாண்டுப் பள்ளிக்கூடம் திறந்தபோது எங்கள் வரிசை வீடுகளிலிருந்து பல பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை, பட்டறைகளுக்குப் போனார்கள்.

இதனை யார் செய்தார்? எண்ணத்தையே வினை என்றார் பகவன். எண்ணி, உடலாலும் வாக்காலும் மனத்தாலும் செய்வது வினை. கம்பெனி எண்ணுவதில்லை, ஆகவே கம்பெனிக்கு வினையில்லை. கம்பெனியின் பெயரால் எண்ணுகின்றவர் மனிதர். ஆகவே வினை மனிதருடையது. நூறு பேர் நூறு துண்டாக எண்ணினால் வினை நூறு துண்டாகித் தேய்ந்து மறைந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். அஃது அவ்வாறன்று. ஒருவனைக் கொல்ல நால்வர் கூடி, ஒருவன் வாள் வாங்க, ஒருவன் வழி காட்ட, ஒருவன் காவல் நிற்க, ஒருவன் வெட்டினால், நால்வரும் காலே அரைக்கால் கொலைகாரர் ஆவரோ? நால்வரும் கொலைகாரரே. தெரிந்து செய்த அளவுக்கு வினை ஒவ்வொருவர்க்கும் உண்டு. தெரிந்துகொள்ளலாம் என்றிருந்தும் தெரிந்துகொள்ளாது கண்ணை மூடிய அளவுக்கும் உண்டு. மோகமும் தீவினைக்கு வேரென்று நாம் கற்றிருக்கிறோம் அல்லவா?

மிலிந்தனுக்கு நாகசேனர் காட்டிய உவமை ஒன்று ஈண்டு மிகப் பொருந்தும். ஒருவன் மற்றொருவனுடைய மாங்கனிகளைத் திருடினான். பிடிபட்டபோது, இவன் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு கனி, ஆகவே நான் குற்றவாளியல்லேன் என்றான். அவன் வாதம் செல்லாது. அக்கொட்டையிலிருந்து வந்ததே இக்கனி. இனிப் போபால் நகரத்தை நினைத்துப் பார்ப்போம். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு வெளியேறிப் பல்லாயிரவர் மாண்டனர். அமெரிக்கத் தாய்க் கம்பெனி தான் வேறு, இந்தியக் கம்பெனி வேறு என்றது. இந்தியக் கம்பெனியின் பங்குகளில் பாதிக்கு மேல் அதன் கையில் இருந்தன. 1989-இல் 47 கோடி டாலருக்கு வழக்கு தீர்க்கப்பட்டது. 2001-இல் டவ் கம்பெனி, கார்பைடு கம்பெனியை வாங்கிற்று. அவ்விபத்துக்குத் தான் பொறுப்பன்று என்று சொல்லி வருகிறது. 2010-இல் இந்திய அதிகாரிகள் சிலர்க்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நட்ட கொட்டை வேறு, பறித்த கனி வேறு என்னும் வாதத்தை உலகத்து நீதிமன்றங்கள் ஏற்கலாம். தன்மம் ஏற்பதில்லை. ஒரு கம்பெனியின் சொத்தைத் தொடர்ச்சியாகப் பெறுகின்றவர், அதன் கடமையையும் தொடர்ச்சியாகப் பெறுகின்றார்.

இவ்விடத்தில் ஒரு பொய்க்கொள்கையை விலக்க வேண்டும். தொழிலாளி துன்புறுவது அவன் முற்பிறவியில் செய்த வினை. முதலாளி வாழ்வது அவர் செய்த புண்ணியம் என்று சொல்வார் உண்டு. இது சாதியை நிலைநிறுத்த எழுந்த பேச்சே அன்றிப் பௌத்தம் அன்று. சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதன் அடையும் இன்பதுன்பம் அனைத்தும் பழவினையால்தானா என்று பகவனை வினவினான். பித்தத்தாலும், காற்றாலும், பருவ மாற்றத்தாலும், பிறர் தாக்குவதாலும் துன்பம் வருகிறதே. அனைத்தையும் பழவினை என்பது கண்கூடானதையும் மீறிய பேச்சு என்னும் கருத்தில் பகவன் விடையளித்தார். கல்தூசு நுரையீரலில் படிந்தது பழவினையால் அன்று. நீர் தெளித்துத் துளையிடவும், காற்றோட்டம் அமைக்கவும் செலவிட மனமில்லாத எண்ணத்தால். அவ்வெண்ணமே வினை, அது எண்ணியவருடையது.

எனில், பெருந்தொழிலை எவ்வாறு உடைமை கொள்வது? பகவன் வகுத்த சங்க விதிகளில் இதற்கு ஒரு விளக்கு உண்டு. விகாரை, அதன் நிலம், கட்டில், செப்புக்கலம், கருவிகள் முதலியவை கனத்த பொருள்கள் எனப்பட்டன. அவை எந்த ஒரு பிக்குவுக்கும் சொந்தமல்ல. அங்கே அன்று கூடியிருக்கும் பிக்குகள் அனைவர்க்கும்கூடச் சொந்தமல்ல. நான்கு திசைகளினின்றும் வந்தவர்க்கும் இனி வரப்போகிறவர்க்கும் உரியவை. கீடாகிரி என்னும் ஊரில் சில பிக்குகள், சாரிபுத்தரும் மொக்கல்லானரும் வருவதறிந்து, அவர்களுக்கு இடமில்லாமற் செய்வதற்காக விகாரையின் உறைவிடங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். அது பங்கிடத் தகாதது. பங்கிட்டாலும் பங்கிட்டதாகாது என்பது பகவன் தீர்ப்பு. எத்துணை ஆழ்ந்த தீர்ப்பு! பலர் உழைப்பால் எழுந்த பொருள், இன்று கையொப்பமிடும் உரிமை பெற்ற சிலரின் சொத்தாகாது. இனி வருகின்றவனுக்கும் அதில் இடமுண்டு.

மூடிய மில்லின் நிலத்தையும், தோண்டி முடித்த சுரங்கத்தின் மண்மேட்டையும் இவ்விளக்கொளியில் பார்ப்போமாக. பங்குப்பத்திரம் உடையவர் லாபத்தில் பங்கு பெறலாம். அதனைத் தன்மம் தடுக்கவில்லை. ஆனால் தொழிலின் உடல் கனத்த பொருள். அதனை உடைத்து விற்கும்போது, அவ்விடத்தில் மூச்சை இழந்தவனும், இனி அவ்விடத்தில் வாழப்போகும் குழந்தையும் எதிரே நிற்பதாக எண்ணி விற்க வேண்டும்.

பாபாசாகேப் அம்பேத்கர் இவ்வினாவைப் பொருளாதார நூலறிவோடு ஆராய்ந்தவர். 1942 முதல் 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழில் உறுப்பினராய் இருந்தவர். 1947-இல் அவர் வெளியிட்ட திட்டத்தில், மூலத்தொழில்களும் இன்ஷூரன்சும் விவசாயமும் அரசின் உடைமையாக வேண்டும், அதனை அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும் என்றார். ஆனால் அரசு சர்வாதிகாரமாகிவிடலாகாது என்பதிலும் அவர் உறுதியாயிருந்தார். புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில், சங்கத்தின் பொதுவுடைமை வன்முறையின்றி மனமாற்றத்தால் விளைந்தது என்பதை எடுத்துக்காட்டினார். அவர் கேட்ட அளவுக்கு அரசியலமைப்பில் இடம் கிடைக்கவில்லை. ஆயினும் 39-ஆம் விதியில், சமுதாயத்தின் பொருள்வளங்களின் உடைமை பொதுநன்மைக்கேற்பப் பகிரப்பட வேண்டும், செல்வம் சிலரிடத்துக் குவியலாகாது என்னும் நெறிகள் நின்றன. தனியார் சொத்து ஒவ்வொன்றும் அச்சமுதாய வளத்துள் அடங்காது என்று 2024 நவம்பர் 5-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்த்தது. அன்று தலைமை நீதிபதியாய் இருந்தவர், மினர்வா வழக்கில் தலைமை தாங்கியவரின் மைந்தர். எது தனியுடைமை, எது கனத்த பொருள் என்னும் வழக்கு ஒரு தலைமுறையில் தீர்வதன்று என்பதற்கு இது சான்று.

முதலாளி என்னும் சொல்லிலும் ஆளுதல் உண்டு. தொழிலாளி என்னும் சொல்லிலும் ஆளுதல் உண்டு. முன்னவர் முதலை ஆள்பவர். பின்னவர் தொழிலை ஆள்பவர். தொழிலாளி தொழிலை ஆளாது, தொழிலால் ஆளப்படுவதே இந்நாளைய நிலை. தொழிலாளர் நிர்வாகத்தில் பங்குபெற அரசு வழிசெய்ய வேண்டும் என்று அரசியலமைப்பில் 43-ஏ விதி சேர்ந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. அதனை முழுமையாய் நிறைவேற்றும் சட்டம் வரவில்லை. ஆயினும் அது நடவாத காரியம் என்பார்க்கு நம் நகரமே விடை சொல்லும். காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடி ஊழியரை நீக்கியபோது, அவ்வூழியர் ஏ. கே. கோபாலன் முதலியோரின் துணையால் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கடைகளைத் தாமே ஏற்று நடத்தினர். அவ்வகையில் முதற்சங்கம் 1957 ஆகஸ்டு 19-இல் பெங்களூரிலேயே தோன்றிற்று. தலைப்பாகை கட்டிக் காபி கொண்டுவருகின்றவர் அக்கடையின் உடையவருள் ஒருவர். பெருஞ்செல்வம் சேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கில் பிழை வந்தால் கேட்பவரும் விடை சொல்பவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றனர்.

இதற்கு மாறான ஒன்றையும் இந்நகரத் தெருக்களில் காண்கிறோம். உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து இருசக்கர வண்டியில் ஓடும் பிள்ளைகளைக் கம்பெனிகள் ஊழியர் என்று அழைப்பதில்லை. பங்காளி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அழைக்கின்றன. நம் வழக்கில் பங்காளி என்றால் பாட்டன் சொத்தில் பங்குடையவன். பாகம் பிரிக்கும்போது அவன் ஒப்பமின்றிப் பிரிக்க இயலாது. இவனுக்கோ பங்கும் இல்லை, பாகமும் இல்லை. இவனுக்கு இன்று வேலை உண்டோ இல்லையோ என்பதைக் கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு கணக்கு முறை தீர்மானிக்கிறது. எசமானர் முகம் மறைந்தது மட்டுமன்று. எசமானரே ஒரு சூத்திரமாகிவிட்டார். கர்நாடக அரசு 2025-இல் இத்தகையோர்க்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, கம்பெனிகளிடமிருந்து நலக்கட்டணம் பெற வழிசெய்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆயினும் அச்சூத்திரத்தை எழுதியவர் ஒரு மனிதரே. எழுதுக என்றவரும் மனிதரே. வினை அவர்களை விட்டு நீங்குவதில்லை.

அன்பர்காள்! இதுகாறும் சொன்னது பெருஞ்செல்வரைப் பற்றியது, நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டா. உடையவர் கூட்டத்தில் நாமும் இருக்கின்றோம். தொழிலாளரின் பிராவிடண்டு பண்டுப் பணத்தில் ஒரு பகுதி 2015 ஆகஸ்டு முதல் பங்குச் சந்தை வழியே பெருங்கம்பெனிகளில் இடப்படுகிறது. 1956-இல் நாட்டுடைமையான ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், நாம் கட்டும் பிரிமியத்தைக் கொண்டு பற்பல கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருக்கிறது. ஆகவே, ஒரு கம்பெனி ஆட்களைக் குறைத்ததும் அதன் பங்கு விலை ஏறினால், அவ்வேற்றத்தில் ஒரு நூலிழை நம் பெயரிலும் இருக்கக்கூடும். வேலை இழந்தவனும் அந்நூலிழையை உடையவனாய் இருக்கக்கூடும். தன் கழுத்துக் கயிற்றில் தானே ஓரிழை திரிப்பது போன்றதோர் ஏற்பாடு இது. இதனை அறியாதவர்க்குப் பழியில்லை. அறிந்தவர் வாளாவிருத்தல் தகாது.

செய்யத்தக்கது யாது? கம்பெனியில் ஒப்பமிடும் பதவியில் இருக்கும் நம் பிள்ளைகள் இக்காலத்தில் பலர். அவர்கள் ஒப்பமிடுமுன், இத்தாளால் துன்புறுபவர் எவர், அவரை நேரில் கண்டால் இதனைச் சொல்ல நமக்கு நாவெழுமா என்று தம்மைக் கேட்பாராக. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டமே இயக்குநர்கள் பங்குதாரரின் நன்மையோடு ஊழியர், சமுதாயம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நன்மையையும் கருத வேண்டும் என்கிறது. அச்சட்டத்தை எடுத்துக்காட்டுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தொழிற்சங்கத்தில் இருப்போர் கூலி உயர்வோடு கணக்கையும் கேட்பாராக. தம் சேமிப்பு எங்கே இடப்படுகிறது என்பதைக் கேட்பாராக. ஒப்பந்தக்காரரின் ஆளாய் வந்து அலுவலகம் பெருக்கும் அம்மையாரையும் தம் சங்கத்தில் சேர்ப்பாராக. சிகாலனுக்குப் பகவன் உரைத்த எசமானர் கடமைகள் ஐந்து: வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, நல்லுணவு கிடைத்தால் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு. வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்தியிருப்பவர் இவ்வைந்தையும் இன்று மாலையே தம் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம்.

நம் சங்கத்திலிருந்தே தொடங்குவது முறை. நம் விகாரையின் நிலமும் மண்டபமும் மில் ஊழியரும் துப்புரவுத் தொழிலாளரும் மாதந்தோறும் கொடுத்த சிறு தொகையால் ஆனவை. அவை தலைவருக்கோ செயலாளருக்கோ, இப்பொழுது சந்தா கட்டும் நமக்கோ மட்டும் உரியவையல்ல. கனத்த பொருள்கள் அவை. ஆகவே, வருகிற பௌர்ணமி முதல் உண்டியற் கணக்கையும் வாடகைக் கணக்கையும் வழிபாடு முடிந்தவுடன் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிப்பது என்று சங்கத்தார் முடிவு செய்திருக்கின்றனர். கேள்வி கேட்பவரைப் பகைவராக எண்ணாது, உடையவராக எண்ணி விடையளித்தல் வேண்டும். அன்று பெண்களும் பிள்ளைகளும் தவறாது வந்து அமர்வாராக; இனி வருகின்றவர் சார்பில் கணக்குக் கேட்க அவர்களைக் காட்டிலும் உரியவர் இல்லை.